வளைவுகளை அறுக்கும் ரம்பம்

ஒரு பலகையை நேர்கோட்டில் அறுப்பது கடினமன்று. கோடு கிழித்து, ரம்பத்தை அதன்மேல் வைத்து, முன்னும் பின்னுமாக இழுத்தால் பலகை இரண்டாகிவிடும். அதே பலகையில் ஒரு மாங்காயின் உருவத்தை வரைந்து, விளிம்பு பிசகாமல் அறுத்தெடுக்க வேண்டுமென்றால் அந்த ரம்பம் உதவாது. தச்சரின் கைரம்பத்தில் அலகு நான்கைந்து விரல் அகலம் இருக்கும். அறுக்க அறுக்க மரத்தில் குறுகிய பிளவு ஒன்று உண்டாகிறது. அகன்ற அலகு அப்பிளவின் இரு சுவர்களுக்கும் நடுவே அகப்பட்டுக்கொள்வதால், வளைவு வரும் இடத்தில் திரும்ப இயலாமல் நின்றுவிடும். திரும்ப வேண்டுமானால் அலகு மெலிந்திருக்க வேண்டும். வளைவு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறதோ, அலகும் அவ்வளவு மெலிதாக இருத்தல் வேண்டும்.

இத்தேவைக்கென்றே அமைந்த இயந்திரம் ‘ஸ்க்ரோல் சா’ ஆகும். ஸ்க்ரோல் என்பது சுருளையும், சா என்பது ரம்பத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள். சுருள் ரம்பம் எனத் தமிழில் கூறலாம். இதன் அலகு ஏறத்தாழ 13 செ.மீ. நீளமுடையது. அகலமோ, பெரிதும் பயன்படும் வகையில், 1 மி.மீ. மட்டுமே. தடிமன் அரை மில்லிமீட்டரைவிடக் குறைவு. தனியே கையில் எடுத்தால் துவண்டு வளையும் இந்த அலகு, வீணைத் தந்தியைப் போல இரு முனைகளிலும் இழுத்துக் கட்டப்பட்ட பின்னரே மரத்தை அறுக்கும் வலிமை பெறுகிறது.

கைரம்பத்திலிருந்து இயந்திரம் வரை

மெல்லிய அலகால் வளைவாக அறுக்கும் கலை மின்சாரத்துக்கு முற்பட்டது. மைசூரு நகரில் இன்றும் நடைபெறும் ஈட்டிமரப் பதிப்பு வேலை இதற்கு நல்ல சான்று. கருஞ்சிவப்பு நிறமுடைய ஈட்டிமரப் பலகையில் யானை, மயில், மரம், குடிசை போன்ற உருவங்களைக் கைவினைஞர்கள் அமைக்கின்றனர். அவ்வுருவங்களில் காணப்படும் மஞ்சளும் வெண்மையும் பழுப்பும் தீட்டப்பட்ட வண்ணங்கள் அல்ல. அந்தந்த நிறமுள்ள மரங்களின் மெல்லிய தகடுகளே அவை. ஒவ்வொரு தகட்டையும் மெல்லிய கைரம்பத்தால் உருவத்துக்கேற்ப அறுத்து, பலகையில் உளியால் பள்ளம் குடைந்து, அதனுள் பதித்து ஒட்டுகின்றனர். முன்னாளில் யானைத் தந்தமும் இவ்வாறு பதிக்கப்பட்டது. தந்த வணிகம் தடைசெய்யப்பட்ட பிறகு அவ்விடத்தை வேறு பொருள்கள் பெற்றன. மயிலின் தோகையில் ஒரு தகடு மயிரிழை அளவு சிறுத்துவிட்டாலும் இடைவெளி தெரிந்துவிடும். ஆதலால் அங்கே ரம்பம் பிடிக்கும் கை அவசரப்படுவதில்லை.

பள்ளி மாணவர்களுக்கு நன்கு தெரிந்த வேறொரு பொருளும் இதே ரம்பத்தின் வழி வந்ததுதான். 1760களில் இலண்டனில் வாழ்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடங்களைச் செதுக்கி அச்சிடும் தொழில் செய்தவர். அவர் ஒரு வரைபடத்தை மெல்லிய பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடுகளை ஒட்டியே அறுத்துத் துண்டுகளாக்கினார். துண்டுகளை மீண்டும் சேர்க்கும் குழந்தைகள் புவியியலைக் கற்றுக்கொள்வார்கள் என்பது அவருடைய எண்ணம். ‘ஜிக்சா’ எனப்படும் வெட்டுத்துண்டுப் புதிரின் தொடக்கம் இது. தையல் இயந்திரத்தைப் போலக் காலால் மிதித்து இயக்கும் ரம்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவின. மின்மோட்டார் அந்த மிதியின் இடத்தைப் பின்னர்ப் பிடித்துக்கொண்டது.

இயங்கும் முறை

மோட்டாரின் சுழற்சி, ஓர் இணைப்புத் தண்டின் வழியாக, மேலும் கீழுமான அசைவாக மாறுகிறது. தையல் இயந்திரத்தின் ஊசி ஏறி இறங்குவதும் இவ்வாறே. ஒரு சிறிய இரும்பு மேடையின் நடுவிலுள்ள துளை வழியே அலகு செங்குத்தாக நிற்கிறது. அதன் மேல்முனையை ஒரு நீண்ட கையும், கீழ்முனையை மற்றொரு கையும் பிடித்திருக்கின்றன. இரு கைகளும் சேர்ந்து அசையும்போது அலகு ஏறி இறங்குகிறது.

பெரும்பாலான இயந்திரங்களில் அலகின் வேகத்தை நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 முதல் 1,600 அல்லது 1,800 முறை வரை மாற்றிக்கொள்ளலாம். நிமிடத்துக்கு 1,500 முறை என்று கொண்டால், ஒரு நொடிக்கு 25 முறை அலகு இறங்கி ஏறுகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒருமுறையும் அடியில் ஒருமுறையும் நின்று திசை மாறுவதால், ஒரு நொடியில் 50 திசைமாற்றங்கள் நிகழ்கின்றன. இரும்பாலான இரு கைகள் நொடிக்கு 50 முறை திசை மாறினால் இயந்திரம் அதிராமல் என்ன செய்யும்? விலை குறைந்த இயந்திரத்துக்கும் நல்ல இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த அதிர்வை எவ்வளவு அடக்கியிருக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

அலகின் பற்கள் கீழ்நோக்கி அமைந்தவை. ஆகவே, அது இறங்கும்போது மட்டுமே அறுக்கிறது. ஏறும்போது மரத்தையும் தன்னோடு தூக்கப் பார்க்கும். அறுப்பவரின் விரல்கள் மரத்தை மேடையின்மேல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டுவது இதனால்தான்.

கைரம்பத்தில் மரம் நிற்க, ரம்பம் நகர்கிறது. இங்கு ரம்பம் நின்ற இடத்திலேயே நிற்க, மரம் நகர்கிறது. எழுதுகோலை அசைக்காமல் தாளைத் திருப்பித் திருப்பி எழுதுவது போன்றது இது. புதிதாகப் பழகுவோர்க்கு முதல் அரைமணி நேரம் குழப்பமாகவே இருக்கும்.

வெளிவெட்டும் உள்வெட்டும்

இந்த ரம்பத்தால் செய்யப்படும் வெட்டு இருவகைப்படும். பலகையின் விளிம்பிலிருந்து தொடங்கிச் செல்வது வெளிவெட்டு. பலகையின் நடுவில் தொடங்கி நடுவிலேயே முடிவது உள்வெட்டு.

ஸ்பில்ஸ்பரியின் வழியில் இந்திய வரைபடத்தை அறுக்க முற்பட்டால், அது ஏறக்குறைய முழுவதும் வெளிவெட்டே. எந்த மாநிலமும் மற்றொரு மாநிலத்தின் வயிற்றுக்குள் முழுமையாக அடைபட்டிருக்கவில்லை. ஆதலால் எல்லைக்கோடுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றிச் சென்றால் போதும். அளவில்தான் சிக்கல் உண்டு. நம் நாடு வடக்குத் தெற்காக 3,214 கி.மீ. நீளமுடையது. 40 செ.மீ. உயரமுள்ள பலகையில் அதை அமைத்தால் 1 செ.மீ. என்பது 80 கி.மீ. ஆகும். அப்போது கோவா 1.3 செ.மீ. நீளமுள்ள சிறு துண்டாகும். குறுக்கும் நெடுக்கும் ஏறத்தாழ 50 கி.மீ. பரந்த தில்லியோ 6 மி.மீ. அளவே வரும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இரண்டு கோடிக்கு அருகில் மக்கள் வாழும் தலைநகரம், மேடையின் துளைக்குள் விழுந்து மரத்தூளோடு மறைந்துபோகும். ஆகையால் தில்லியையும் சண்டிகரையும் தனித்துண்டாக அறுக்காமல், வண்ணப் புள்ளியாக இட்டுவிடுவதே நலம்.

உள்வெட்டு முற்றிலும் வேறானது. அலகு பலகையின் நடுப்பகுதிக்குள் நுழைய வேண்டும். விளிம்பிலிருந்து அறுத்துக்கொண்டு போனால் உருவம் கெட்டுவிடும். எனவே முதலில் அறுத்து நீக்கப்படும் பகுதியில் டிரில்லால் ஒரு சிறு துளை இடப்படுகிறது. பிறகு அலகின் மேல்முனையைக் கழற்றி, பலகையின் அடியிலிருந்து அத்துளை வழியே நுழைத்து, மீண்டும் மேற்கையில் பூட்டி, இறுக்கி, அறுக்கத் தொடங்க வேண்டும். அறுத்து முடிந்ததும் அலகை மறுபடியும் கழற்றினால்தான் பலகையை வெளியே எடுக்கலாம். ஒரு பலகையில் அறுபது துளைகள் கொண்ட சாளர வேலைப்பாடு இருந்தால், இந்தக் கழற்றலும் பூட்டலும் அறுபது முறை நடைபெறும்.

மர அறுவைக் கடைகளில் காணப்படும் பட்டை ரம்பமும் வளைவை அறுக்கவல்லது. ஆனால் அதன் அலகு முடிவற்ற வளையமாக இருப்பதால் துளைக்குள் நுழைக்க இயலாது. கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சா கருவி துளைக்குள் நுழையும். அதன் அலகு தடித்ததாதலால் நெருக்கமான சுருள்களை அறுக்காது. சிறிய உள்வெட்டே சுருள் ரம்பத்தின் தனிச்சிறப்பு.

இரண்டெழுத்துப் பெயர்ப்பலகை

சொந்த ஊரைவிட்டு வந்த குடும்பங்களின் வீட்டு வாயிலில் தமிழில் ஒரு பெயர்ப்பலகை இருப்பதைப் பல நகரங்களில் காணலாம். தமிழெழுத்துப் பெயர்ப்பலகை செய்து தருவோர் வெளி மாநிலக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எழுத்தைப் படிக்கத் தெரியாத ஒருவர் அதை அறுக்கும்போது ‘ழ’ சில வேளைகளில் ‘ம’ ஆகிவிடுகிறது. வீட்டிலேயே செய்ய இது தகுந்த பொருள். ‘யாழ்’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோர் என்னென்ன செய்ய நேரிடும் என்று பார்க்கலாம்.

எழுத்தின் கணக்கில் ‘யாழ்’ என்பது இரண்டெழுத்து. ரம்பத்தின் கணக்கில் அது நான்கு துண்டுகள்: ய, அதன் கால், ழ, அதன்மேல் நிற்கும் புள்ளி. இவற்றுள் ‘ய’விலும் காலிலும் மூடிய சுழி இல்லை, சுற்றிலும் வெளிவெட்டே போதும். ‘ழ’வில் மூடிய சுழி ஒன்று உண்டு. அதற்கு ஓர் உள்வெட்டு வேண்டும். ‘யாழினி’ என்றால் ‘னி’ சேர்ந்துகொள்ளும். ‘ன’வின் சுழிகள் எழுத்து வடிவத்துக்கேற்பத் திறந்தோ மூடியோ இருக்கும். ‘ண’ வந்தால் சுழி மூன்றாகும். சுழிகளை எண்ணி எழுத்தறிந்த குழந்தைக்கு, எத்தனை துளைகள் இட வேண்டும் என்பதைக் கணக்கிடுவது கடினமன்று.

பெயர்ப்பலகையை இருவழியில் அமைக்கலாம். எழுத்துகளைத் தனித்தனியே அறுத்தெடுத்து, மற்றொரு பலகையின்மேல் ஒட்டுவது ஒரு வழி. எழுத்தின் உருவத்தைப் பலகையிலிருந்து அறுத்து நீக்கி, அந்த வெற்றிடமே எழுத்தாகத் தோன்றுமாறு விடுவது மற்றொரு வழி. இரண்டாம் வழியில் ஒரு பொறி உண்டு. ‘ழ’ முழுவதையும் அறுத்து நீக்கினால், அதன் சுழிக்குள் இருக்கும் சிறு மரத்துண்டு எதிலும் ஒட்டாமல் கீழே விழுந்துவிடும். சுழி மறைந்து, எழுத்து ஒரு பெரிய ஓட்டையாகும். இதைத் தவிர்க்க, அந்தத் தீவையும் பலகையையும் இணைக்கும் சிறு பாலம் ஒன்றை வரைபடத்திலேயே விட்டுவைக்க வேண்டும். புள்ளியைப் பொறுத்தவரை இவ்வழி மிகவும் எளிது. டிரில்லால் ஒரு துளையிட்டால் புள்ளி தயார், ரம்பமே தேவையில்லை.

முதல் வழியில் நிலைமை தலைகீழ். அங்கு ‘ழ’ தொல்லை தராது. புள்ளிதான் தொல்லை தரும். பட்டாணி அளவுள்ள அத்துண்டு அறுந்த கணமே மேடையின் துளைக்குள் விழலாம், அல்லது பறந்து எங்கேனும் ஒளிந்துகொள்ளலாம். புள்ளி போனால் பெயர் ‘யாழ’ ஆகிவிடும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமலே எழுதும் வழக்கம் இருந்தது. படிப்பவர் இடமறிந்து புள்ளியைத் தாமே சேர்த்துப் படித்தனர். வாயிற்கதவின் முன் நிற்கும் அஞ்சல்காரரிடம் அவ்வளவு எதிர்பார்க்க இயலாது. புள்ளிக்கு மட்டும் மெல்லிய உருளைக் குச்சியிலிருந்து ஒரு வில்லையை நறுக்கிக்கொள்வது அறிவுடைய செயல்.

எழுத்தின் வடிவத்திலும் கவனம் தேவை. அச்சில் அழகாகத் தோன்றும் மெல்லிய கோடுகள் மரத்தில் நிலைப்பதில்லை. மரத்தின் இழைகள் ஒரே திசையில் ஓடுவன. இழையின் நீளவாட்டில் மரம் வலியது. குறுக்குவாட்டில் எளிதில் ஒடியும். ‘ழ’வின் கீழ்வால் போன்ற குறுகிய பகுதியில் இழை குறுக்காக ஓடினால், கைபட்டாலே முறிந்துவிடும். ஒட்டுப்பலகையில், அதாவது பிளைவுட்டில், அடுத்தடுத்த தகடுகளின் இழைகள் ஒன்றுக்கொன்று குறுக்காக அமைந்திருப்பதால் இத்தொல்லை குறைவு. தொடக்கத்தில் 6 மி.மீ. ஒட்டுப்பலகையே எழுத்துகளுக்கு ஏற்றது. கோட்டின் அகலம் பலகையின் தடிமனைவிடக் குறையாமல் இருத்தல் நன்று.

தேர்ந்தெடுத்தல்

கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் முதலில் கேட்பது மோட்டாரின் திறனை. சுருள் ரம்பத்தைப் பொறுத்தவரை அது கடைசியாகக் கேட்க வேண்டிய வினா. 1 மி.மீ. அலகை ஏற்றி இறக்க எந்த மோட்டாரும் போதும். கேட்க வேண்டியது, அலகை எவ்வாறு மாட்டுவது என்பதே.

அலகுகளில் இருவகை உண்டு. முனைகளில் சிறு குறுக்கூசி பொருந்திய அலகு ஒருவகை. இதைக் கொக்கியில் மாட்டுவதுபோல் எளிதாக மாட்டலாம். ஆனால் அந்தக் குறுக்கூசி நுழையத் துளை ஏறத்தாழ 5 மி.மீ. அகலமாவது இருக்க வேண்டும். மூன்று செ.மீ. உயரமுள்ள ‘ழ’வின் சுழியே அவ்வளவுதான் இருக்கும், துளையிட்டவுடன் சுழி முடிந்துவிடும். மற்றொரு வகை, ஊசியற்ற தட்டை முனையுடையது. திருகால் இறுக்கிப் பூட்டப்படும் இது 2 மி.மீ. துளைக்குள்ளும் நுழையும். விலை மலிந்த இயந்திரங்கள் சில ஊசியலகை மட்டுமே ஏற்கின்றன. சிறிய உள்வெட்டுகள் செய்ய விரும்புவோர், தட்டை முனை அலகை ஏற்கும் இயந்திரத்தையே வாங்க வேண்டும். அத்துடன், அந்தத் திருகைக் கருவி எதுவுமின்றி விரலாலேயே திருக முடிகிறதா என்பதைக் கடையிலேயே இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது. அறுபது முறை செய்யப்போகும் வேலை அது.

அடுத்தது அதிர்வு. இயங்கும் இயந்திரத்தின் மேடையில் ஒரு நாணயத்தைச் செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும் பழக்கம் மரவேலைக்காரர்களிடம் உண்டு. நாணயம் விழாமல் நின்றால் இயந்திரம் நல்லது. விழுந்தாலும் உடனே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தடித்த பலகையில் திருகாணியால் இறுக்கி, அடியில் ரப்பர் விரிப்பு இட்டால் அதிர்வு பெரிதும் தணியும். அடுக்குமாடி வீடுகளில் கீழ்வீட்டாரின் உறக்கத்துக்கும் இது நன்மை.

‘16 அங்குலம்’ என்று இயந்திரத்தின் பெயரோடு குறிக்கப்படும் அளவு, அலகுக்கும் பின்தூணுக்கும் இடையேயுள்ள தொலைவு. ஏறத்தாழ 40 செ.மீ. அலகிலிருந்து பலகையின் எந்த முனையேனும் அதற்கு மேல் தள்ளியிருந்தால், மரத்தைச் சுழற்றும்போது அது தூணில் இடித்து நிற்கும். பெயர்ப்பலகைக்கும் புதிர்களுக்கும் இவ்வளவு போதும். வேகத்தை மாற்றும் வசதி கட்டாயம் தேவை. தூளை ஊதித் தள்ளும் குழல் இருந்தால்தான் கோடு கண்ணுக்குத் தெரியும். சாயும் மேடையும் இணைப்பு விளக்கும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குறையில்லை.

வெளிநாட்டில் வாழும் உறவினர் அன்போடு வாங்கிவரும் இயந்திரத்தில் ஒன்றை மறவாமல் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். இந்தியாவில் 230 வோல்ட். அங்கு விற்கப்படும் இயந்திரத்தை இங்குள்ள மின்செருகியில் நேரே இணைத்தால் மோட்டார் கருகிவிடும்.

இவ்வளவும் கூறிய பிறகு, முதலில் இயந்திரம் வாங்கவே வேண்டாம் என்பதுதான் பொருத்தமான அறிவுரை. ‘ப’ வடிவ இரும்புச் சட்டத்தில் அதே மெல்லிய அலகைப் பூட்டிய கைரம்பம் மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. மேசை விளிம்பில் ஒரு சிறு பலகையை இறுக்கி, அப்பலகையின் நுனியில் பறவையலகு போன்ற பிளவு ஒன்றை வெட்டி, அதன்மேல் மரத்தை வைத்து அறுக்கலாம். ‘யாழ்’ போன்ற பெயரை அறுக்க ஒரு மாலைப்பொழுது ஆகும். அலகு ஒடிவது எப்போது, மரம் கிழிவது எப்போது என்பதைக் கை அறிந்துகொள்ளும் பள்ளி அதுவே. மைசூருவின் மயில்கள் இத்தகைய கைரம்பத்தில் பிறந்தவைதாம்.

அலகும் கையும்

அலகுகள் எண்ணால் குறிக்கப்படுகின்றன. எண் ஏற ஏற அலகு தடிக்கும், பல்லும் பெரிதாகும். 6 மி.மீ. ஒட்டுப்பலகைக்கு இரண்டாம் எண்ணோ மூன்றாம் எண்ணோ பொருந்தும். 18 மி.மீ. தேக்குப் பலகைக்கு ஐந்தாம் எண் முதல் ஏழாம் எண் வரை வேண்டும். சில அலகுகளில் அடிப்பகுதியிலுள்ள சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்திருக்கும். அவை ஏறும்போது அடிப்புறத்து இழைகளை உள்நோக்கி வெட்டுவதால், ஒட்டுப்பலகையின் அடிப்பக்கம் சிலும்பாமல் துப்புரவாக இருக்கும். பெயர்ப்பலகைக்கு இவ்வகையே சிறந்தது. அலகுகள் தேயும் பொருள்கள். டஜன் கணக்கில் வாங்க வேண்டியவை. மழுங்கிய அலகைச் சிக்கனம் கருதித் தொடர்ந்து பயன்படுத்துவோர், அலகை மிச்சப்படுத்தி மரத்தைக் கருக்கிக்கொள்கின்றனர்.

பூட்டிய அலகை விரலால் சுண்டினால் தெளிவான, கூரிய ஓசை எழ வேண்டும். மொத்தையான ஓசை எழுந்தால் இறுக்கம் போதாது என்று பொருள். தளர்ந்த அலகு மரத்துக்குள் வயிறு தள்ளி வளையும். மேற்புறம் நேராகவும் அடிப்புறம் கோணலாகவும் வெட்டு அமையும்.

எழுத்தை வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, அதன்மேல் ஒளிபுகும் ஒட்டுநாடாவையும் ஒட்டிக்கொள்வது வழக்கம். அந்த நாடா அலகின் உராய்வைக் குறைத்து, மரம் கருகாமல் காக்கிறது. பிறகு சுழிகளுக்கான துளைகள் இடப்படும். அறுக்கும்போது உள்வெட்டுகளை முதலிலும் வெளிவெட்டை இறுதியிலும் செய்ய வேண்டும். வெளிவிளிம்பை முதலில் அறுத்துவிட்டால், கையில் பிடிக்க மரமே இராது. சுழியை அறுக்கும்போது விரல்கள் அலகுக்கு மிக அருகில் சென்றுவிடும்.

முதன்முதலாக அறுப்போர் ஒன்றைக் கண்டு மனம் தளர்வதுண்டு. மரத்தை நேராகத் தள்ளினாலும் அலகு கோட்டைவிட்டு வலப்பக்கமாக விலகிச் செல்லும். இது கையின் பிழையன்று. பற்களை வெட்டி உருவாக்கும்போது அலகின் ஒரு பக்கத்தில் மட்டும் நுண்ணிய பிசிறு நின்றுவிடுகிறது. அப்பக்கம் கூடுதலாக அறுப்பதால் அலகு அப்பக்கமே இழுக்கிறது. மரத்தைச் சற்றே சாய்த்துத் தள்ளக் கற்றுக்கொண்டால் கோடு வழிக்கு வரும். கூர்மையான மூலைகளில் தள்ளுவதை நிறுத்தி, அலகின் முதுகுப்புறம் மரத்தில் மெல்லச் சார்ந்திருக்க, பலகையை அதே இடத்தில் சுழற்ற வேண்டும். பற்களின் பக்கம் சாய்த்துச் சுழற்றினால் மூலை மழுங்கிப்போகும்.

வட்ட ரம்பத்தோடு ஒப்பிட்டால் இந்த இயந்திரம் சாதுவானது. ஆயினும் நொடிக்கு 25 முறை இறங்கும் பற்கள் விரலையும் அறுக்கும். ஆதலால் மாணவர்கள் பெரியவர் ஒருவர் உடனிருக்கும்போது மட்டுமே இதை இயக்க வேண்டும். கண்ணாடி அணிதல், தொங்கும் துப்பட்டாவையும் நீண்ட கூந்தலையும் முடிந்துகொள்ளுதல், அலகை மாற்றும்போது மின்செருகியைக் கழற்றிவிடுதல் ஆகியவற்றில் தளர்வு கூடாது. விரல்கள் எப்போதும் அலகின் இருமருங்கிலும் இருக்க வேண்டும். அலகுக்கு நேர் எதிரே இருத்தல் ஆகாது. அலகு சில வேளைகளில் ‘டப்’ என்ற ஓசையோடு முறியும். முறிந்த மேற்பாதி இயந்திரத்தின் கையோடு சேர்ந்து குத்திக்கொண்டே இருக்கக்கூடும். அப்போது மரத்தைப் பிடித்து இழுக்காமல், முதலில் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

விரலைவிட நெஞ்சுக்கு உண்டாகும் தீங்கு மெல்ல வருவது. அதனாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1995ஆம் ஆண்டு மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதற்பிரிவில் சேர்த்தது. பட்டறையில் பல ஆண்டுகள் தூளைச் சுவாசிப்போர்க்கே பேரிடர் மிகுதி என்றாலும், விடுமுறையில் ஒருநாள் அறுப்போரும் என்95 முகக்கவசம் அணிதல் வேண்டும். வெறும் கைக்குட்டை நுண்தூளைத் தடுக்காது. காற்றோட்டமுள்ள மாடமே இவ்வேலைக்கு ஏற்ற இடம். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் பெருக்கினால் அடங்கிய தூள் மீண்டும் எழும். ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை. மரநார்களை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையின் தூள் மிக நுண்ணியது. அதை மாணவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

அறுத்தெடுத்த எழுத்துகளின் விளிம்பை 220ஆம் எண் உப்புத்தாளால் மெல்லத் தேய்க்க வேண்டும். நல்ல அலகால் அறுத்த விளிம்புக்கு நான்கைந்து தேய்ப்பே போதும். பிறகு அடிப்பலகையில் பென்சிலால் நேர்கோடு ஒன்று கிழித்து, ய, கால், ழ என்ற வரிசையில் எழுத்துகளை ஒட்டாமலே வைத்து, இரண்டடி தள்ளி நின்று இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘ய’வுக்கும் அதன் காலுக்கும் இடையில் குறைவாகவும், காலுக்கும் ‘ழ’வுக்கும் இடையில் சற்று மிகுதியாகவும் இடம் விட்டால்தான் ‘யாழ்’ என்று தடையின்றிப் படிக்க வரும். ‘ழ’வின் வால் கீழே இறங்குவதால் பலகையின் அடியில் அதற்குரிய இடம் வேண்டும். மர ஒட்டுப்பசையைப் பின்புறத்தின் நடுவில் மட்டும் தடவினால் ஓரங்களில் பிதுங்காது. இறுதியாகப் புள்ளியை ஒட்டி, மேலே ஒரு தட்டைப் பலகையும் இரண்டு மூன்று கனத்த புத்தகங்களும் வைத்து, ஓர் இரவு முழுவதும் காயவிட வேண்டும். வாயிலில் மழைச்சாரல் படுமானால், மறுநாள் இருமுறை வார்னிஷ் பூசிய பின்னரே பலகையைச் சுவரில் பொருத்தலாம்.